வலை விரிக்காத கருவாடு

கன நாளைக்குப் பிறகு இன்று காலை மாம்புரிக்குக் கருவாடு வாங்கப் போனேன்.

கருவாடு காயவைக்கும் ஸரீனா ராத்தாவை உங்களில் பலருக்குத் தெரியும். பருந்து தூக்காமல் இருக்க மீனுக்கு மேலே பழைய வலையை விரித்து, பக்கத்தில் கதிரை போட்டுத் தடியோடு இருப்பார். பருந்துக்கு ஏசுவதுதான் அவருடைய பாதிக் கதை.

இன்று வலையும் இல்லை, தடியும் இல்லை. மீன் திறந்தபடி கிடந்தது.

"என்ன ராத்தா, வலை போடல்லையா?"

"என்னத்துக்கு? காகம் வந்தா கையத் தட்டினாப் போகும். பருந்துதான் இப்ப வாறல்லையே. வேல லேசாகிட்டு, அல்ஹம்துலில்லாஹ்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலிக்கு அப்பால் காற்றாலையின் இறக்கைகள் சுற்றும் சத்தம் நிற்காமல் கேட்டது.

"ஒங்கட நாய் எங்க?" என்றேன். எப்போதும் மீன் தலைக்காக அவர் காலடியில் கிடக்கும் நாய் அது.

அவர் சிரிப்பு நின்றது. "மீன் தலையப் போட்டாலும் திங்குதில்ல, தம்பி. விடிஞ்சா அந்தக் காத்தாடிக்குக் கீழ போய் நிக்குது."

திரும்பும் வழியில் பார்த்தேன். காற்றாலைக் கோபுரத்தின் அடியில் அது மட்டுமல்ல, ஊர் நாய்கள் எல்லாமே குந்தியிருந்தன. ஒன்றும் குரைக்கவில்லை. எல்லாம் தலையை நிமிர்த்தி இறக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தன.

பறவைகளுக்கு ஆபத்தில்லை என்று காற்றாலை கட்டுமுன் ஊரில் வைத்த கூட்டத்தில் சொன்னார்கள். நாய்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

உங்கள் பக்கத்து நாய்கள் காலையில் எங்கே நிற்கின்றன? ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கள்.