ஓமியும் கால் இழுத்து நடந்த மாலுமியும்

அறுகம்பேயில் மச்சான் வேலை செய்யும் விடுதியின் முற்றத்தில் நாங்கள் நால்வர் ஓமி என்ற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். அலைச்சறுக்குப் பலகையை மதிலில் சாய்த்துவிட்டு வந்த ஒரு வெள்ளைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்து நின்றார். பிறகு கேட்டார்: ஓமி என்றால் என்ன அர்த்தம்? சின்ன வயதிலிருந்து ஆடுகிற ஆட்டம். மற்றச் சீட்டுகளை வெல்லும் துரும்பைக் கேட்கத் தெரியும், வெட்டத் தெரியும், பெயருக்கு மட்டும் பதில் தெரியாது. கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தேன். கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவாயிற்று.

ஓமியில் இருவர் இருவராகச் சேர்ந்து ஆடுவோம். பக்கத்தில் இருப்பவர்கள் எதிரணி. எதிரே இருப்பவன்தான் நம்மாள். எனக்கு எதிரே எப்போதும் மச்சான்தான் இருப்பான், மாமியின் மகன். தேடலும் அவனுடைய மோட்டார் சைக்கிளில்தான் தொடங்கியது.

"நீ கேள்வியக் கேளு, ஆக்கள நான் காட்டுறன்" என்றான்.

கல்முனையில் ஏறிய வீடுகளிலெல்லாம் "தெரியா" என்ற ஒரே பதில். ஒருவர் ஏசியே விட்டார்: "காட்ஸ் விளையாட்டுக்கும் ஆராய்ச்சியா? படிச்ச புள்ள, வேற வேல இல்லியா?" இணையத்தில் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். ஆதாரம் ஒருவரிடமும் இல்லை.

பிறகு நற்பிட்டிமுனையில் ஒரு கடைக்காரர் வாய் திறந்தார். "அந்தக் காலத்துல பறங்கிக் கப்பல் ஒண்டு உடைஞ்சி ஒரு மாலுமி கரையொதுங்கினானாம். இடது கால இழுத்து இழுத்து நடப்பானாம். அவன்தான் நம்மட ஆக்களுக்கு இதப் பழக்கினவன். துரும்பு அடிக்கக்குள்ள, ஊருல விட்டுட்டு வந்த பெண்சாதிட பேரச் செல்லித்தான் அடிப்பானாம். அவட பேருதான் ஓமி."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சில நாள் கழித்துச் சந்தையில் ஒரு மீன் வியாபாரியும் அதையே சொன்னார், அந்த இடது கால் உட்பட. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர், ஒரே கால்! இதைவிட என்ன சான்று வேண்டும்? எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் சொன்னேன். சனிக்கிழமை வந்து பேசு என்றார்கள். மச்சானே போனில் போஸ்டர் செய்தான். கப்பல் படத்துக்குக் கீழே என் முகம்: 'ஓமி: ஒரு மாலுமியின் மனைவி.' பொழுதுபடுவதற்குள் அது குடும்பத்து வட்ஸ்அப் குழுக்களையெல்லாம் சுற்றி வந்துவிட்டது.

உறுதிக்கு இன்னும் ஒருவர் இருந்தால் நல்லது என்று மாவடிப்பள்ளிக்குப் போனோம். வயலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த விவசாயி, பிளேன்டீ தந்து கதையைத் தொடங்கினார். கப்பல் உடைந்தது. மாலுமி கரையேறினான். அங்கே அவருக்குத் தடைப்பட்டது. என்னைத் தாண்டி மச்சானைப் பார்த்தார்.

"மகன், அவனுக்கு எந்தக் கால்? நேத்து போன்ல செல்லித் தந்தீங்க, மறந்து பெய்த்து."

மச்சான் பிளேன்டீக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஆருக்கெல்லாம் செல்லிக் குடுத்த?"

"மூணு பேருக்கும்தான்."

"போஸ்டரையும் நீதானேடா அடிச்ச!"

"நீ ஒவ்வொரு வீட்டாலயும் மூஞ்சத் தொங்கப் போட்டுட்டு வந்த. பாவமா இரிந்திச்சி. பொறகு ஒண்ட சந்தோசத்தப் பாத்து நிப்பாட்ட ஏலாமப் பெய்த்து. அதோட..." சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "கப்பல் கதய நீ நம்பினியேடா!"

பாவம் பார்த்துச் சொன்ன பொய்யை விழுங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் முடியவில்லை. ஓமியில் அவன் முகத்தைப் பார்த்தே என் சீட்டைப் போடுவேன். இந்தத் தேடலில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் துள்ளிக்கொண்டு வந்து ஏறியதும், வழி நெடுகக் கதைத்ததும், மோட்டார் சைக்கிளில் அவன் முதுகோடு. முன்பக்கம் அவன் சிரித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறான்.

"ஏறு மச்சான், போவம்" என்றான்.

"நீ போ" என்று பிரதான வீதிக்கு நடந்தேன்.

சனிக்கிழமைப் பேச்சை நிறுத்தப் போவதில்லை. போஸ்டரில் இருப்பது பொய், பெயர் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது என்றுதான் தொடங்குவேன். கதையைக் கட்டியது யார் என்பதை அவனே எழுந்து சொல்லட்டும். எனக்கு நேர் எதிரே ஒரு கதிரையை வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். வருவானோ தெரியாது.

அடுத்த வாரம் பஸ்ஸில் தனியே கிளம்புகிறேன், முதலில் நற்பிட்டிமுனைக் கடைக்காரரிடம். இனிப் பெயரைக் கேட்க மாட்டேன். "உங்களுக்கு ஓமி விளையாட ஆரு பழக்கின?" அவர் ஒருவரைக் காட்டுவார், அந்த ஆளிடமும் இதே கேள்விதான்.