கறுப்பு அட்டை நோட்டும் ஒரு டிக் டிக் சத்தமும்

மூன்று முறை கேட்காமல் எழுதக் கூடாது. ‘சூப்பர்’ என்று மட்டும் எழுதக் கூடாது. எழுதாமல் சிடியைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த சிடி கிடையாது.

இராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே ஒரு கறுப்பு அட்டை நோட்டு. அதன் முதல் பக்கத்தில் இந்த மூன்று விதிகளும் சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தன. உள்ளே இருந்ததெல்லாம் ப்ளாக் மெட்டல், டெத் மெட்டல் ஆல்பங்களைப் பற்றிய கருத்துகள், சுத்தத் தமிழில். எழுதியவர்கள் நான்கு பேர்: சென்டர் நடத்திய அண்ணன், பாலிடெக்னிக்கில் படித்த ஒருவன், கீழக்கரையிலிருந்து வந்துபோன ஒருவன், கடைசியாக நான்.

நான் பாம்பன்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அப்போது பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. இதை எங்கே போனாலும் ஒரு தடவை சொல்லிவிடுவது என் வழக்கம். இங்கேயும் சொல்லிவிட்டேன்.

உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பத்தான் முதலில் அங்கே போனேன். பக்கத்து மேஜையில் யாரோ கழற்றி வைத்த ஹெட்போனிலிருந்து ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. எங்கள் வள்ளத்து இன்ஜின் காலையில் பிடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டு, திடீரென்று பிடித்துக்கொண்டு கரையே அதிர ஓடும். அதே சத்தம். சிரித்துவிட்டேன்.

“என்ன தங்கச்சி சிரிக்கிற?” என்றார் அண்ணன்.

“பாட்டாண்ணே இது?”

“பாட்டுதான். மாட்டிக் கேளு.”

கேட்டேன். விண்ணப்பத்தை மறந்தேன். டெத் மெட்டல் என்றால் அடிவயிற்றிலிருந்து வரும் உறுமல் என்றும், ப்ளாக் மெட்டல் என்றால் கிரீச்சிடும் குரலும் கொசுக்கூட்டம் போன்ற கிதாரும் என்றும் அன்றே தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயில் பாடற்குழுவில் பாடுவேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிப் பேருந்தில், அண்ணன் கொடுத்த பழைய சிடி பிளேயரில் இதைக் கேட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டுவேன். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டதில்லை. பாடுகிறவன் கடவுளைத்தான் திட்டுகிறானாம்; ஒரு வார்த்தைகூடப் புரியாததால் அந்த வசதி.

அதுவரை நான் எழுதியதெல்லாம் பரீட்சைத் தாள்தான். கேள்வி அவர்களுடையது, பதிலும் அவர்கள் புத்தகத்திலிருந்து எடுத்தது. நோட்டில்தான் முதல் தடவையாக நான் என்ன நினைக்கிறேன் என்று எழுதினேன். அடுத்த சனிக்கிழமை போனால் மூன்று பேரும் அதைப் படித்துவிட்டுச் சண்டைக்குத் தயாராக நிற்பார்கள். அப்படி ஒரு மரியாதை வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

எங்களிடம் மிகப் பெரிய பாராட்டு ‘கொடூரம்’. பனி, உறைந்த காடு, இருண்ட குளிர்காலம் என்று பக்கம் பக்கமாக எழுதுவோம். நாங்கள் நால்வரும் கண்ணால் பார்த்த பனி, மீன் கம்பெனி ஐஸ் மட்டுமே.

நார்வேயிலிருந்து வந்த ஓர் ஆல்பம்தான் சண்டையைக் கிளப்பியது. கீழக்கரைக்காரனின் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பியது. அவன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆளுக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்திருந்தான். ப்ளாக் மெட்டலில் ஒரு விசித்திரம் உண்டு. ஒலிப்பதிவு எவ்வளவு மோசமாக இருக்கிறதோ அவ்வளவு மதிப்பு. ‘ரா சவுண்டு’ என்போம். இந்த ஆல்பத்தில் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை பின்னால் ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.

பாலிடெக்னிக்காரன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். ‘உறைந்த காட்டுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கடைசி மனிதன் செத்த பிறகும் அது நிற்கவில்லை. இந்த டிக் டிக் சத்தம்தான் ஆல்பத்தின் உயிர். கொடூரம்.’ கீழக்கரைக்காரனுக்கு அது குளிரில் பல்லடிக்கும் எலும்புக்கூடு. அண்ணனுக்கு அது பாறையில் மோதும் சங்கிலி.

நானும் மூன்று முறை கேட்டேன். மூன்றாவது பாட்டில் ஓர் இடத்தில் டிரம்ஸ், கிதார், குரல் எல்லாம் மூச்சு விடுவதுபோல ஒரு நொடி நிற்கும். டிக் மட்டும் நிற்கவில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியிலும் ஓடியது. திருவிழாவுக்கு வள்ளத்தில் போகும்போது ஓரத்தில் கட்டிய வாளி பலகையில் தட்டிக்கொண்டே வரும். அது அலைக்குத் தட்டும், இன்ஜினுக்குத் தட்டாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இரண்டும் தனித்தனி என்று தெரியும். இந்த டிக் அந்த வாளி மாதிரி. பாட்டோடு சேராமல் தன் போக்கில் போனது. நோட்டில் ஒரே வரி எழுதினேன்: ‘இது கடிகாரம் இல்லை. சிடியில் பழுது.’

அடுத்த சனிக்கிழமை படியேறும்போதே பாலிடெக்னிக்காரன் குரல் கேட்டது.

“வந்துட்டாக, சிடி டாக்டர்! ஏ புள்ள, என்னத்த எழுதி வச்சிருக்க?”

“படிக்கத் தெரியும்ல? படி.”

“ரா சவுண்டுன்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?”

“ரா சவுண்டும் தெரியும், ரிப்பேரும் தெரியும்.”

கீழக்கரைக்காரனுக்கு வேறு வலி. அவர்கள் ஊரில் கூடப்பிறந்த அண்ணனைக் காக்கா என்பார்கள், அம்மாவை உம்மா என்பார்கள். “எங்க காக்கா காசு போட்டு வாங்குன ஒரிஜினல் அது. ரோட்டுல வாங்குன சிடியா, பழுதுங்குற?”

“ஒரிஜினலைக் கொண்டாயேன், பாப்போம்.”

“சரி, பந்தயம்,” என்றான் பாலிடெக்னிக்காரன். “பழுது இல்லேன்னா நீ இனிமே நோட்டுல எழுதக் கூடாது.”

“இருந்துச்சுன்னா?”

“என் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுர்றேன்.”

“கிழிக்க வேணாம்லே. சென்டர்ல இருக்குற எல்லாருக்கும் கேக்குற மாதிரி நின்னுக்கிட்டு வாசி.”

“ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க,” என்று அண்ணன் நோட்டை நகர்த்தினார். போட்டோம்.

பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. சத்தத்தை வைத்துத்தானே சொல்லியிருக்கிறேன். நார்வேக்காரன் உண்மையிலேயே ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்து மைக்குக்கு முன்னால் வைத்திருந்தால்? நோட்டு போய்விடும். மறுபடியும் பரீட்சைத் தாள் மட்டும். அன்று மறுபடி கேட்டபோது இன்னொன்று காதில் பட்டது. முதல் பாட்டில் டிக் வேகமாக ஓடியது. கடைசிப் பாட்டுக்கு வருவதற்குள் நன்றாக மெதுவாகிவிட்டது. ஏன் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்தேன். எங்கள் பாடத்தில் இல்லாத தடித்த புத்தகம் ஒன்றில் அது இருந்தது. சிடி உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்குப் படிக்கப்படும். உள்ளே இருக்கும்போது வேகமாகச் சுற்றும், வெளியே போகப் போக மெதுவாகச் சுற்றும். அப்படியானால், நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு நேர்க்கோடு விழுந்திருந்தால், ஒரு சுற்றுக்கு ஒரு டிக், அது நகலிலும் அப்படியே பதிந்திருக்கும். முதல் பாட்டில் வேகமாக. கடைசிப் பாட்டில் மெதுவாக. நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்பதால் மேஜைக்கடியில் காலை உதைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நான் போனதும் முதல் வேலையாக ஒரு தாளில் வட்டம் போட்டு, நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு இழுத்து, கவுண்டரில் வைத்தேன். “ஒரிஜினல்ல இப்பிடி ஒரு கோடு இருக்கும்,” என்றேன்.

கீழக்கரைக்காரன் செய்தித்தாளில் சுற்றிய சிடியைப் பிரித்தான். அண்ணன் வாங்கி டியூப் லைட்டுக்கு நேராகத் திருப்பினார். என் தாளில் இருந்த கோடு அங்கே இருந்தது. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல.

கீழக்கரைக்காரன் மெதுவாகச் சொன்னான்: “அட்டையில மண்டையோடு போட்டிருந்துச்சாம். உம்மா பாத்தா அழுவாகன்னு காக்கா கவரைக் கழட்டிட்டு, வெறும் சிடியைப் பேரீச்சம்பழ டப்பாவுக்கு மேல வச்சு அனுப்பிட்டாக. உம்மா பார்சலை அருவாமனையில வச்சுல்ல பிரிச்சாக...”

“கோடு இருந்தா? சத்தம் அதுலேருந்துதான் வருதுன்னு என்ன சாட்சி?” பாலிடெக்னிக்காரன் விடுவதாக இல்லை.

அண்ணன் இழுப்பறையிலிருந்து பற்பசையை எடுத்தார். கீறல் விழுந்த சிடிக்கு எல்லாக் கடையிலும் அதுதான் வைத்தியம். விரலில் தொட்டு, கோட்டின் மேல் பொறுமையாகத் தேய்த்தார். கழுவினார். சட்டையில் துடைத்தார். கம்ப்யூட்டரில் போட்டு, ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தார். நான் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டிரம்ஸ் வந்தது. கொசுக்கூட்டம் வந்தது. கிரீச்சிடும் குரல் வந்தது. டிக் வரவில்லை. மூன்றாவது பாட்டில் எல்லாம் நிற்கும் அந்த இடத்துக்கு ஓட்டினார். சுத்தமான அமைதி.

நான் கத்திய கத்தலில் ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் இருந்தவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினார்.

பாலிடெக்னிக்காரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் வாசித்தான். ‘கடைசி மனிதன் செத்த பிறகும்’ என்ற இடத்தில் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்காகக் காத்திருந்த ஒரு பெரியவர் பதறிப்போனார்.

“யாரு தம்பி செத்தது? நம்ம பக்கமா?”

“இல்லைங்கய்யா, நார்வே.”

“அடப் பாவமே,” என்றார் அவர். அண்ணன் கவுண்டருக்குக் கீழே குனிந்துகொண்டார். சிரிப்பில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆனால் அதோடு முடியவில்லை. பின்னால் ஆல்பம் ஓடிக்கொண்டே இருந்தது. நான்காவது பாட்டில் கீழக்கரைக்காரன் தலையைச் சாய்த்துக் கேட்டான். “ஏலே, சப்புன்னு இருக்குல்ல?”

“உப்பில்லாத மாதிரி,” என்றார் அண்ணன்.

பாலிடெக்னிக்காரன் என்னைப் பார்த்தான். அவன் கேட்கவில்லை, ஆனாலும் நான் பதில் சொல்ல வேண்டும். ஜெயித்த கையோடு பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நோட்டில் பொய் எழுதினால் பிறகு நோட்டு எதற்கு?

“ஆமா,” என்றேன். “அந்த டிக் இருந்தாத்தான் நல்லாருக்கு.”

“அப்பிடிச் சொல்லு!” என்று அவன் கவுண்டரைத் தட்டினான். “பந்தயத்துல தோத்தேன், பாட்டுல ஜெயிச்சேன்.”

நோட்டை எடுத்து என் ஒற்றை வரிக்குக் கீழே எழுதினேன்: ‘பழுது என்பது உண்மை. பழுது போனால் ஆல்பம் சுமார். பழுதோடு கேட்டால் கொடூரம்.’ கீழக்கரைக்காரன் பேனாவைப் பிடுங்கி, ஆல்பத்தில் யார் யார் எந்தக் கருவியை வாசித்தார்கள் என்று குறித்திருந்த இடத்தில் ஒரு வரி சேர்த்தான்: ‘தாளம்: எங்க உம்மா.’

நான் கிளம்பும்போது பாலிடெக்னிக்காரன் பையிலிருந்து ஒரு புது சிடியை எடுத்து நீட்டினான். அவன் இன்னும் கேட்காத ஆல்பம். அதுவரை எந்த சிடியையும் அவன் கேட்காமல் யாருக்கும் கொடுத்ததில்லை.

“மொதல்ல நீ கேட்டுட்டு வந்து எழுது. அப்பறம் நான் கேட்டுக்கிர்றேன்.”

“எப்ப வேணும்?”

“நாளைக்கு?”

“மூணு தடவை கேக்கணும்லே,” என்றேன். “வாற சனிக்கிழமை கொண்டாரேன்.”