ஒத்திகை அக்கா பழக்கிய பதில்

நூலகத்து மாடிக்குச் சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள். ஒரு பெண்மணி மேசையைத் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருப்பார். "கேட்டது ஒண்ணு, கொடுத்தது ஒண்ணு! என்ன கடை நடத்துறீங்க?" மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் வாலிபன் மிரளாமல், "கொஞ்சம் பொறுங்க, பார்த்துச் சொல்றேன்" என்பான். உடனே அவர் குரலை இறக்கி, பலமாகக் கைதட்டி, "பிரமாதம்! இப்ப இன்னும் மோசமாக் கத்தப் போறேன், தயாரா?" என்று கேட்பார்.

இவர்தான் ஒத்திகை அக்கா. ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்கு நாலு பேரோடு பழகும் விதத்தை நடித்து நடித்துப் பழக்குவது அவர் வேலை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்தால் என்ன செய்வது, இரைச்சல் தாங்காவிட்டால் எப்படி எழுந்து வெளியே போவது, பிடிக்காத சிநேகிதத்தை எப்படி வேண்டாம் என்பது, எல்லாவற்றுக்கும் ஒத்திகை உண்டு. எல்லா வேஷமும் அவரே போடுவார். வீட்டிலும் விடுவதில்லை. "கதவைத் திறந்தா உள்ள வர்றது பொண்டாட்டியா போலீஸ்காரரான்னே தெரியல" என்று கணவர் அலுத்துக்கொள்வார். பெருமையில்தான் அலுத்துக்கொள்கிறார் என்பது தெருவுக்கே தெரியும்.

சும்மா சொல்லக் கூடாது, அக்காவின் பொறுமையைப் பார்த்தால் நமக்கே வெட்கமாக இருக்கும். ஒரே கேள்வியை எத்தனை தடவை கேட்டாலும் முதல் தடவை கேட்டதுபோலவே பதில் சொல்வார். ட்யூப்லைட்டின் ரீங்காரம் ஒரு பையனைப் பாடாய்ப் படுத்துகிறது என்று தெரிந்ததும், தானே ஏணி போட்டு ஏறி அதைக் கழற்றிவிட்டார். நூலகர் வந்து தாம்தூம் என்று குதித்தார். "தாராளமா குதிங்க சார், சத்தமில்லாம குதிங்க" என்றார் அக்கா.

இதற்கு முன் அவர் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் வேலை பார்த்தவர். யார் கேட்டாலும் சிரித்த முகத்தோடு, "நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க?" மண்டையைப் பிளக்கும் தலைவலி என்றாலும் இதே பதில்தான். ரத்தத்தில் ஊறிப்போன அந்தப் பாடத்தை அப்படியே இந்த மாடிக்கும் கொண்டுவந்து பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டார். வினை அங்கேதான் பிடித்தது.

அவருடைய குழுவில் ஒரு பெண். துணி மடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் மடித்த சட்டையைப் பிரித்துப் போட்டுக்கொள்ள மனசே வராது. அதனால் மடிப்புக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. லாண்டரி ஒன்றில் வேலை கிடைத்த அன்று அவளைவிட அக்காவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. அப்படிப் போன இடத்தில் ஒருநாள் இஸ்திரி மெஷினின் ஆவி அவள் முன்கையில் அடித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் வந்த முதலாளி, வழக்கம்போல, "எப்படிம்மா இருக்கே?" என்றார்.

"நல்லா இருக்கேன் சார், நீங்க எப்படி இருக்கீங்க?"

சிரித்த முகம். சாயங்காலம்வரை அதே கையோடு மடித்திருக்கிறாள். வீட்டில் அவள் முகம் கழுவச் சட்டைக் கையைச் சுருட்டியபோதுதான் அப்பா பார்த்தார். தோல் கொப்புளித்து உரிந்திருந்தது.

மனைவி போன பிறகு தனி ஆளாக அவளை வளர்த்த மனிதர். அந்தச் சனிக்கிழமை மகளையும் இழுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். "வலிச்சாலும் சிரிக்கணும்னுதான் சொல்லிக் கொடுத்தீங்களா மேடம்? இனிமே வேலையும் வேணாம், உங்க கிளாசும் வேணாம்."

மடிப்புக்காரி கட்டுப் போட்ட கையோடு முன்னால் வந்தாள். "அக்கா, நான் சரியாத்தானே சொன்னேன்? நீங்க கைதட்டுனீங்களே."

"நீ சரியாத்தான் சொன்னே கண்ணு. நான்தான் தப்பாப் பழக்கிட்டேன்."

"நான் வேலைக்குப் போகணும். அங்க நிறைய துணி இருக்கு."

அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். படி முடியும்வரை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "அதான் தப்புன்னு ஒத்துக்கிட்டியே, விடு" என்றார் கணவர். "ஒத்துக்கிட்டா ஆச்சா? ஆசை ஆசையாப் போன வேலை போச்சேங்க அவளுக்கு!" என்று பொரிந்தார் அக்கா.

வேறொருவராக இருந்தால் அந்தப் பெண்ணுக்கு இன்னும் நாலு பாடம் புகட்டக் கிளம்பியிருப்பார். அக்கா நேரே லாண்டரிக்குப் போய் முதலாளியை ஒத்திகைக்கு நிறுத்தினார். "அவளை மட்டும் பழக்கிட்டு உங்களை விட்டுட்டேன் சார், என் புத்தியைச் சொல்லணும். இனிமே பொத்தாம்பொதுவா விசாரிக்காதீங்க. 'எங்கயாவது வலிக்குதா? சுட்டுக்கிட்டியா?'ன்னு கேளுங்க. எங்க, ஒரு தடவை கேளுங்க பார்ப்போம்." முதலாளி நெளிந்தார். துணி பிரிக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா மெஷின் பக்கத்தில் மடிப்புக்காரியாக நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமா சார், சுட்டுடுச்சு" என்றார். இரண்டு தடவை சிரித்துக்கொண்டே கேட்ட முதலாளி, மூன்றாம் தடவை சிரிக்கவில்லை. "அன்னைக்கே இப்படிக் கேட்டிருக்கலாமேம்மா" என்றார். சுட்டால் யாரையும் கேட்காமல் மெஷினை நிறுத்தலாம் என்று அப்போதே எல்லாருக்கும் சொல்லியும் விட்டார்.

பிறகு மடிப்புக்காரியின் வீட்டுக்கு நடையாய் நடந்தார் அக்கா. முதலில் கதவு திறக்கவில்லை. திறந்தபோது வாசலில் நின்றபடியே மடிப்புக்காரியிடம், "பழைய பதிலைத் தூக்கிக் குப்பையில போடு. உடம்புல என்ன இருக்கோ, மனசுல என்ன இருக்கோ, அதுதான் பதில்" என்று புது ஒத்திகை ஆரம்பித்துவிட்டார். அப்பாவிடம், "ஒரே ஒரு தடவை கூட வந்து பாருங்க. பிடிக்கலைன்னா கூட்டிட்டுப் போயிடுங்க. அங்க நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றார். அக்காவாவது, ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதாவது! ஆனாலும் மகளின் முகத்தைப் பார்த்து அப்பா தலையாட்டிவிட்டார்.

கை ஆறியதும் ஒரு காலையில் மூவரும் லாண்டரி வாசலில் நின்றார்கள். மகளின் சாப்பாட்டுப் பையை அப்பா இறுக்கிப் பிடித்திருந்தார். முதலாளி ஓடிவந்தார். பதற்றத்தில் படித்த பாடமெல்லாம் மறந்து, அப்பாவைப் பார்த்து, "எப்படி சார் இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"நல்லா இருக்கேன்" என்றார் அப்பா.

"இல்ல" என்றாள் மடிப்புக்காரி. "நீங்க ராத்திரி தூங்கல. காபியும் குடிக்கல. சரியான பதில் சொல்லுங்கப்பா."

அப்பா பையின் காதைத் திருகினார். "பயமா இருக்கு" என்றார். "இவளுக்கு மறுபடி ஏதாவது ஆயிடுமோன்னு ரொம்பப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் சார்" என்றார் முதலாளி.

மடிப்புக்காரி அக்காவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று கொடுத்த வாக்கு காற்றோடு போயிற்று. "எனக்கும் பயமாத்தான் இருக்கு கண்ணு" என்றார் அக்கா.

"எனக்குப் பயம் இல்ல" என்றாள் அவள். "மூணு பேரும் சரியாச் சொன்னீங்க." நூலகத்து மாடியில் அக்கா தட்டுவதைப் போலவே பலமாகக் கைதட்டினாள். பிறகு அப்பாவிடம் பைக்காகக் கையை நீட்டினாள். அப்பா பையைக் கொடுத்தார்.