திறக்காத இடது விளக்கு

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வந்துவிடும். எண்ணூர்ப் பக்கம் வேலை பார்க்கிறவளுக்கு இது உதவாத குணம். காலையில் பால்கனிக் கம்பியில் கை வைத்தால் விரலெல்லாம் கரி. வெள்ளைச் சட்டையைக் காயப்போட்டுச் சாயங்காலம் எடுத்தால் அது வெள்ளைச் சட்டையாக இருக்காது. ஒரு மழைக்கு ஊருக்குள் வந்த வெள்ளம் எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வந்தது. அது சுவரில் போட்டுவிட்டுப் போன கறுப்புக் கோடு எங்கள் திருவொற்றியூர் வீட்டில் இடுப்பு உயரத்துக்கு இன்னும் இருக்கிறது. மூன்று முறை சுண்ணாம்பு அடித்தும் மேலே வந்துவிட்டது. விருந்தாளிகள் அதைப் பார்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த லட்சணத்தில் நான் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன். ஜப்பான் வண்டி, இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். முகப்பு விளக்குகள் மூக்கில் மூடிக்குள் ஒளிந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் இரண்டும் எழுந்து நின்று விழித்துப் பார்க்கும். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம் வாங்கினேன். என் சம்பளத்தில், நானே பார்த்து, யாரையும் கேட்காமல் வாங்கிய ஒரே பொருள் அதுதான். என் கல்யாணப் புடவைகூட அடுத்தவர் பார்த்து எடுத்தது.

காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. மீனும் இறாலும் ஏற்றுமதியாகிற குளிர்ப்பெட்டிகளுக்குக் கரண்ட் சரியாகப் போகிறதா என்று பார்க்கிற சூப்பர்வைசர். ஒரு பெட்டியில் கரண்ட் நின்றுபோனால் உள்ளே இருப்பது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர எனக்கு ஆசை இல்லை. விடியுமுன் கிளம்ப வேண்டும். போகிற சாலையின் இடது ஓரம் முழுக்கத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் நிற்கும். முக்கால்வாசி லாரிக்குப் பின்விளக்கு கிடையாது. டிரைவர்கள் அடியில் பாய் விரித்துத் தூங்குவார்கள். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே மற்றதெல்லாம் நடக்கும். ஜன்னலைத் திறந்தால் மூத்திர நாற்றம், மூடினால் புழுக்கம்.

எங்கள் சர்ச் சபையைச் சேர்ந்த ஒரு பெண் அந்தச் சாலையில் ஸ்கூட்டரில் போய், நின்றிருந்த லாரியின் பின்பக்கம் மோதி இறந்துபோனாள். அடக்கத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம்.  அவர் மளிகை மொத்த வியாபாரி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் கடை போட்ட குடும்பம். சபைக் கமிட்டியில் இருப்பவர். கடை ஆட்கள் ஒருமுறை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டபோது, "ஜெபிக்கிறவன் கடையில இது எதுக்குலே" என்று தன் கையாலேயே அறுத்துச் சாக்கடையில் போட்டவர். கண் திருஷ்டி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

அந்த அடக்கம் முடிந்து சில வாரங்களில் என் வண்டியின் இடது விளக்கு மக்கர் செய்ய ஆரம்பித்தது. வலது எழும்பும், இடது படுத்தே கிடக்கும். சில நாள் பாதி எழுந்து நின்று, தூக்கம் கலையாதவன் மாதிரிப் பார்க்கும். மறுநாள் எதுவும் நடக்காததுபோல் முழுசாக எழும்பும். முழுசாகக் கெட்டுப்போனால் கண்டுபிடித்துவிடலாம். இந்த வந்து வந்து போகிற கோளாறுதான் மனிதனை அழ வைக்கும்.

முதலில் ஃபியூஸ். நன்றாக இருந்தது. அடுத்து, கரண்டைத் திறந்து மூடுகிற ரிலே: வலது பக்கத்து ரிலேயைக் கழற்றி இடது பக்கம் மாற்றிப் போட்டேன், கோளாறு இடத்தை விட்டு அசையவில்லை. மோட்டாரின் தலையில் கையால் திருகுகிற ஒரு குமிழ் உண்டு. திருகினால் விளக்கு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது; அப்படியென்றால் கை கால் எல்லாம் சரி, எங்கும் சிக்கிப் பிடிக்கவில்லை. மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தேன். ஓடியது. ஆக, இடையில் எங்கோ கரண்ட் நிற்கிறது.

வண்டியை நிறுத்துவது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அவருடைய கிடங்கில். மல்லி மூட்டைக்கும் ஊறுகாய் டின்னுக்கும் நடுவில். பானெட்டைத் திறந்தால் எலிப் புழுக்கை, மூலையில் பாதி தின்ற பருப்பு. எலி ஒயரைக் கடித்திருக்கும் என்று முடிவு கட்டினேன். பசை அட்டை வைத்தேன். காலையில் அதில் ஒரு எலி, தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு, இன்னும் உயிரோடு. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

"எலிதான்," என்றார் வீட்டுக்காரர். "எலிய விட்டா வேற என்ன?" சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் மூட்டைகளை எண்ண ஆரம்பித்தார்.

ஒயரை முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஒரு கடிகூட இல்லை.

தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியனையும் கூப்பிட்டுக் காட்டினேன். தப்பு. வந்ததும் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் வாயில் அடக்கியிருந்த மாவாப் புகையிலையைத் துப்பிவிட்டுத்தான் குனிந்தார்.

"இன்னாக்கா, வண்டி நம்மளப் பாத்து கண்ணடிக்குது?" என்றார். பிறகு பானெட்டுக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தார். "ஊறுகா வாசன வருது. மளிக கொடவுன்ல நிறுத்திக்கினு கீறியா?"

"ஆமா."

"அதான். இத்த பாருக்கா, இதுக்கு சாமான் எங்கயும் கெடைக்காது. ரெண்டு கண்ணையும் தொறந்தே வெச்சி வெல்டு அடிச்சிடலாம். அப்பால ஒரு பேஜாரும் இல்ல."

தூங்கும்போதும் கண்ணைத் திறந்து வைத்திரு என்று ஒருவரிடம் சொல்வதுபோல இருந்தது. வேண்டாம் என்று அனுப்பினேன். அவர் துப்பியதை நான்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மூன்று வாளி.

பிறகு நானே வண்டிக்கு அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி, மோட்டாருக்குக் கரண்ட் கொண்டுபோகிற ஒயர் ப்ளக்கை எட்டிப் பிடித்தேன். இழுத்ததும் கையோடு வந்தது பச்சைப் பொடியும் சிவப்புச் சேறும். பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. செம்பு அரித்துப் பச்சை, இரும்பு துருப்பிடித்துச் சிவப்பு, கடல் காற்றின் வேலை என்று நினைத்தேன். உப்புக் காற்றும் சாம்பலும் நம் நுரையீரலையே விடுவதில்லை, பாவம் ப்ளக்கை எங்கே விடும் என்று இந்த ஊரை வாய் நிறையத் திட்டினேன். சுத்தம் செய்து கிரீஸ் தடவி மாட்டினேன். விளக்கு எழுந்தது. ஒரு வாரம் நான் ராணி மாதிரி வேலைக்குப் போனேன்.

அடுத்த வாரம் விடியுமுன் வீட்டிலிருந்து கிளம்பும்போது இரண்டு விளக்கும் சரியாக எழுந்தன. நடுவில் ஒரு டீக்கடையில் நிறுத்தி அணைத்துவிட்டு, மறுபடி போட்டபோது இடது எழவில்லை. நேரமாகிவிட்டதே என்று ஒற்றை விளக்கோடு போனேன். இடது ஓரம் வெறும் இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு லாரியின் பின்பக்க இரும்பு திடீரென்று என் முகத்துக்கு நேரே வந்தது. ஒடித்துத் திருப்பினேன். பக்கக் கண்ணாடி பெயர்ந்து போனது. வண்டியை ஓரம் கட்டி வாந்தி எடுத்தேன். அந்தச் சாலையின் நாற்றத்தில் என் பங்கும் சேர்ந்தது.

கண்ணாடி போனதை மறைக்க முடியாது என்பதால் வீட்டில் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளிறிப் போயிற்று.

"இந்த மாசம் முடியுததுக்குள்ள அந்த லைட்டு எரியலன்னா வண்டி காயலான் கடைக்குத்தான்," என்றார். "வண்டி ஒம் பேர்ல இருக்கலாம். கொடவுன் எம் பேர்ல இருக்கு. தெருவுல நிறுத்திப் பாரு."

தெருவில் நிறுத்தினால் ஒரு இரவில் சக்கரம் இருக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆத்திரமாக வந்தது. ஒரு பெண் தன் இஷ்டத்துக்கு ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டால், அதை இரும்பு விலைக்குப் போட எவ்வளவு அவசரம். அன்றிலிருந்து பேச்சைக் குறைத்தேன். அவருடைய கைக்குட்டைகள் வேறு காணாமல் போய்க்கொண்டிருந்தன. புதிதாக வாங்கி வைக்கச் சொன்னார். உங்களுக்குத்தான் கடை இருக்கிறதே, நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

மாதக் கடைசி ஞாயிறு. ஆராதனைக்குக் கோயிலுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். ப்ளக்கைத் திறந்தால் மறுபடி அதே பச்சை, அதே சிவப்பு. கடல் காற்று இவ்வளவு வேகமாக வேலை செய்யாது. மேலேயிருந்து ஏதோ சொட்டுகிறது. இந்த முறை அடியில் படுக்கவில்லை. இடது விளக்கை மூடியோடு, சட்டத்தோடு, முழுசாகக் கழற்றித் தூக்கினேன்.

விளக்கைத் தூக்குகிற இரும்புக் கைக்கு அடியில், மோட்டாருக்கு மேலே ஒரு சின்னத் திட்டு இருக்கிறது; விளக்கு எழும்பி நிற்கும்போது இடுக்கு வழியாக மட்டும் அதை எட்டலாம். அதில் துணி மூட்டைகள். ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்து, அமுங்கி, ஒட்டிப்போய். அடியில் இருந்தது கறுத்துக் கூழாகியிருந்தது, அதில் புழு. அதற்கு மேலே இருந்ததில் எறும்பு மொய்த்தது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது புதுசு. இடுக்கியால் பிரித்தேன். எலுமிச்சம்பழம், கல்லுப்பு, காய்ந்த மிளகாய். திருஷ்டி மூட்டை. விளக்கு எழும்பும் ஒவ்வொரு முறையும் இரும்புக் கை அதைப் பிழிந்திருக்கிறது. உப்பும் புளிப்பும் மிளகாய்ச் சிவப்பும் கலந்து நேராக ப்ளக்குக்குள் சொட்டியிருக்கிறது. துரு என்று நினைத்ததில் பாதி மிளகாய். ஊறுகாய் வாசனை என்று அந்த எலக்ட்ரீஷியன் சரியாகத்தான் சொன்னார். என் வண்டியின் மூக்குக்குள் மாதக்கணக்கில் ஊறுகாய் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது.

மூட்டை கட்டிய துணி, நீலக்கரை போட்ட வெள்ளைக் கைக்குட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இஸ்திரி போட்டுக் கொடுக்கும் கைக்குட்டை.

மற்ற மூட்டைகளையும் பிரித்தேன். எல்லாமே காணாமல் போன அவருடைய கைக்குட்டைகள்.

பழைய பேப்பரில் எல்லாவற்றையும் வைத்து எடுத்துப்போய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கோயிலிலிருந்து வந்தவர் வேதப் புத்தகத்தைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டார். இல்லை என்று சொல்லவில்லை.

"சபையில யார்கிட்டயும் சொல்லிராத," என்றார்.

அவர் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். அந்தக் கறுப்புக் கூழை விட அது எனக்கு அருவருப்பாக இருந்தது.

"சபையா? அன்னைக்கு நான் லாரிக்குள்ள போயிருப்பேன், அத்தான். இதனாலதான் லைட்டு எழும்பல." மேசையிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினேன்: இங்கே பழம், இங்கே கை பிழிகிறது, இங்கே ப்ளக்கு. "நீங்க வச்சதுதான் என்னைக் குருடாக்குச்சு."

அவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. எலி என்றுதான் உண்மையாகவே நினைத்திருக்கிறார். கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அன்று காலை வரை, நான் லாரியில் மோதாமல் தப்பியது அந்த மூட்டையால்தான் என்று நம்பி, வெள்ளிதோறும் புதுசு வைத்திருக்கிறார்.

"அந்தப் புள்ள அடக்கத்துல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல," என்றார். "நீ கெளம்பினதும் ஜெபம் பண்ணுவேன். பத்தலன்னு தோணிச்சி. வேற என்ன செய்ய, சொல்லு. வண்டியத் தூக்கிப் போட்டுட்டா நீ கம்பெனி பஸ்ல போவன்னு நெனச்சேன்."

கமிட்டியில் இருக்கிற மனிதர் சொல்கிறார், ஜெபம் 'பத்தல' என்று. எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"பயமா இருந்தா பக்கத்துல வந்து உக்காருங்க," என்றேன். "வண்டி வாங்கின நாள்ல இருந்து அந்த சீட்டு சும்மாதான் கெடக்கு."

அது நிஜம். அவர் ஒருநாள்கூட அதில் ஏறியதில்லை.

மத்தியானம் புது ப்ளக்கு போட்டு, திட்டைச் சோப்புத் தண்ணீரால் மூன்று முறை கழுவி, விளக்கை மாட்டினேன். பொழுது சாய்ந்ததும் கூப்பிட்டேன். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு, முழங்கால் தாடையில் இடிக்க, எப்படியோ உள்ளே உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தினேன். இரண்டும் எழுந்தன. எண்ணூர் வரை போனோம். இடது ஓரத்து லாரிகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வந்து, பின்னால் போயின. அவர் ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் வழியாக வந்த நாற்றத்துக்குக்கூட மூக்கைப் பொத்தவில்லை. வலது கை இறுக மூடி மடியில் இருந்தது, அவ்வளவுதான்.

கிடங்குக்குத் திரும்பியதும் வண்டிக்குள் ஒரு புளிப்பு வாசனை.

"கையத் தொறங்க," என்றேன்.

திறந்தார். நசுங்கிய எலுமிச்சம்பழம். வேட்டி, சீட்டு, கியர் உறை எல்லாம் சாறு வழிந்து பிசுபிசுத்தது.

அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்கன ப்ளக்கு எதுவும் இல்லல்லா?" என்றார்.

இல்லை என்றேன். ஈரத்துணி எடுக்க உள்ளே போனேன்.