அல்லாபிச்சை பாயின் அரைக்கட்டை

பங்குனி பிறந்தால் கோவில்பட்டிச் சுவர்களில் நாடக நோட்டீஸ் ஏறிவிடும். வைகாசி முடியும்வரை எட்டயபுரம் பக்கம், விளாத்திகுளம் பக்கம் என்று ஏதாவது ஓர் ஊரில் அம்மன் கோயில் பொங்கலுக்கு நாடகம் நடக்கும். எதைப் பார்க்கலாம், எதை விடலாம் என்று ரசிகர்கள் கேட்கும் இடம் ஒன்றுதான்: அல்லாபிச்சை பாயின் பூட்டு, குடை ரிப்பேர் கடை. குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டே, "அங்கன ராஜபார்ட் சரியில்ல, பபூனுக்காகப் போங்க" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கோடையில் அவர்தான் எங்களுக்கு ஆர்மோனியம்.

எங்கள் நாடகத்துக்கு ஒத்திகை இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர்; மேடையில்தான் சந்திப்போம். எல்லாரையும் கட்டி இழுப்பது ஆர்மோனியக்காரர். பின்பாட்டும் அவரே. ராஜபார்ட் கண்ணுசாமியாகிய நான் மூச்சு வாங்கும் இடங்களில் பாய் தன் குரலைக் கொடுத்து மூடிவிடுவார். கீழே இருப்பவர்களுக்கு நான்தான் விடாமல் பாடுவதாகத் தோன்றும். பேரையும் நான்தான் வாங்கினேன்.

நோட்டீசில் என் படத்துக்குக் கீழே 'ஐந்தரைக்கட்டை' என்று போடுவார்கள். சுருதி அவ்வளவு உயரம் என்று அர்த்தம். எங்கள் பக்கத்து ரசிகன் ராஜபார்ட்டை நிறுக்கும் தராசு அதுதான். அரைக்கட்டை இறங்கினாலும் முன்வரிசைப் பெரிசுகள் கண்டுபிடித்துவிடும்.

தொண்ணூற்றேழு சித்திரையில் எப்போதும்வென்றான் என்கிற ஊரில் நாடகம். உண்மைக்காக நாட்டையும் மனைவியையும் இழந்து சுடுகாடு காக்கும் ராஜாவின் கதை. அன்று பகலில் வெயில் பொறுக்காமல் ஐஸில் வைத்த கலர் சோடா நாலு பாட்டில் குடித்திருந்தேன். புத்தி கெட்ட வேலை. வேஷம் போடும்போதே தொண்டை கட்டிக்கொண்டது. பாயின் கையைப் பிடித்து, அரைக்கட்டை இறக்குங்கள், வெளியே தெரிய வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் காரணம் கேட்கவில்லை. மிருதங்கக்காரருக்கு மட்டும் கண்ணைக் காட்டினார்.

சுடுகாட்டுக் காட்சிவரை தப்பித்தேன். அங்கே முன்வரிசையில் இருந்த பருத்தி வியாபாரி அழகிரிசாமி எழுந்தார். "சுருதி இறங்கியிருக்கு. ஐந்தரைன்னு நோட்டீசுல போட்டுட்டு யார ஏமாத்துதீரு?" என்றார். கூட்டம் விசிலடித்தது.

என் முன்னால் மைக் இருந்தது. சொல்ல நா கூசுகிறது. உடம்பெல்லாம் சாம்பல் பூசி, பொய்யே சொல்லாத ராஜா வேஷத்தில் நின்றுகொண்டு நான் சொன்னது இது: "எனக்கு ஒண்ணுமில்ல. பாய்தான் கட்டையத் தப்பாப் பிடிச்சிட்டாரு. வயசாயிட்டுல்லா, காது கேக்கல."

காது கேட்கவில்லை என்பதை யாரும் கேட்காமலே சேர்த்தேன்.

பாய் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு எழுந்து, கூட்டத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார். உட்கார்ந்து ஐந்தரைக்கு ஏற்றினார். நான் திணறிய இடத்திலெல்லாம் அவர் குரல்தான் என்னைத் தாங்கியது. கைதட்டல் காதைப் பிளந்தது. நானும் குனிந்து வணங்கி வாங்கிக்கொண்டேன், தின்ற சோற்றில் மண்ணைப் போட்டவன்.

காது கேட்காத ஆர்மோனியக்காரரை எந்த ஊர் கூப்பிடும்? பேசி வைத்திருந்த ஒன்பது ஊர்களும் அந்த மாதமே வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. கடைக்கு நாடகம் விசாரிக்க வருகிறவர்களும் பூட்டைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

ஆடி பிறந்த பிறகுதான் எனக்கு அந்தக் கடைக்குப் போகத் துணிவு வந்தது. அதுவும் தெருவில் ஆளில்லாத மத்தியான நேரம் பார்த்து. வீட்டிலிருந்து டீ கொண்டுவந்த அவர் மனைவி ஷாஜாதி, அதை வைத்துவிட்டு முகம் கொடுக்காமல் திரும்பிப் போனார். நான் குனிந்து மெதுவாக, தப்புப் பண்ணிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன்.

பாய் அரத்தால் சாவியை ராவிக்கொண்டே இருந்தார். "ஊர் கேக்க மைக்குல சொன்னீய. மன்னிப்ப மட்டும் எங்காதுல வந்து சொல்லுதீயளே, தம்பி" என்றார்.

அடுத்த கோடையில் மேடையிலேயே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த கோடையில் எனக்குப் பதினொரு நாடகம். ஒவ்வோர் ஊரிலும் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமுவேன். கூட்டம் அடங்கும். உண்மையைச் சொன்னால் நோட்டீசில் ஐந்தரை போய்விடுமே என்று அந்த நொடியில் தோன்றும். ஊர்ப் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பாட்டை எடுத்துவிடுவேன்.

இரண்டாயிரத்தில் பாய் இறந்துபோனார். அவர் வீட்டுக்கு நான் அதுவரை போனதில்லை. தெருமுனைக் கடையில் வழி கேட்டேன். "செவிட்டு பாய் வீடா? நேராப் போங்க" என்றார் கடைக்காரர்.

நான் திருத்தவில்லை. நேராகப் போனேன்.