மேல்கோட்டையின் ஐந்தாம் கேள்வி

நோட்டின் இடது பக்கத்தில் மேல்கோட்டையார் என்றும் வலது பக்கத்தில் கீழ்க்கோட்டையார் என்றும் எழுதி, நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். இரண்டுமே வில்லன் கூட்டங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் நான்கு பேர் ஆடும் விளையாட்டுக்காக அவர்களை உருவாக்கிக்கொண்டிருந்தேன். பகடை, காகிதம், பேச்சு, இவ்வளவுதான் அந்த ஆட்டத்துக்கு வேண்டியது. ஒருத்தர் ஓர் உலகத்தையும் அதில் இருக்கும் எதிரிகளையும் சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுவார்கள். ஒரு காரியம் பலிக்குமா பலிக்காதா என்று வரும்போது இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுவார்கள். எங்களில் உலகத்தைச் சொல்லுகிறவள் நான். வாரமெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் அடுத்தவர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவளிடம் ஞாயிறன்று ஒரு நாட்டையே கொடுத்தால் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்யும். எனக்கு நிறையவே வந்திருந்தது.

திண்டுக்கல் பேகம்பூரில், என்னோடு வேலை பார்க்கும் தோழியின் வீட்டு மாடியில்தான் ஆட்டம். கீழே அவளுடைய அப்பாவின், அவள் சொல்வதுபோல் அத்தாவின், செருப்பு, பெல்ட் கடை. பகடை உருண்டு ஓடாமல் இருக்கக் கடையில் மிஞ்சிய ஒரு தோல் துண்டை விரித்துக்கொள்வோம். தோழி கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டிலில் ஏறி நிற்பவள். ஆட்டத்தில் அவள் கோடரி ஏந்திய வீராங்கனை. கன்னிவாடியிலிருந்து பைக்கில் வரும் மருந்துக்கடைக்காரர் மந்திரவாதி. வயதில் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர், ஆனாலும் என்னை 'மாஸ்டருங்க' என்றுதான் கூப்பிடுவார். மூன்றாவது ஆள் என் தங்கை. அவள் வேவுக்காரி.

கூடப் பிறந்தவள் இல்லை, சித்தப்பா மகள். குஜிலியம்பாறைப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா இருப்பது மேலவீடு, சித்தப்பா இருப்பது கீழவீடு. நடுவில் ஒரு சந்து. ஒன்பது வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. கல்யாணம், சாவு எதுவானாலும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார்கள். சித்தப்பா இப்போதெல்லாம் அப்பாவை அண்ணன் என்று சொல்வதில்லை, மேலவீட்டுக்காரன் என்றுதான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். தங்கை திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக வந்து சேர்ந்தவள், தோழிக்குத் தெரிந்தவள் என்ற வகையில் போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாடிப்படி ஏறி வந்தாள். என்னைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"வா, உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. வீட்டுக்கு இருவருமே சொல்லவில்லை. அந்தத் தோல் துண்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரம்தான் எங்களுக்கு அக்கா தங்கை உறவு. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவர்கள். எட்டு வருடம் கழித்துத் திரும்பக் கிடைத்தவளை இன்னொரு முறை இழக்க எனக்குத் தெம்பு இல்லை. அதனாலேயே அவளிடம் ஊர்ப்பேச்சை மட்டும் எடுக்க மாட்டேன்.

இப்போது வில்லன்களுக்கு வருகிறேன். நான் படைத்த நாட்டில் சூரியன் உதிப்பதில்லை. அங்கே இருப்பது ஒரே ஒரு நெருப்புச் சட்டி. அது எந்தக் கோட்டையில் எரிகிறதோ அந்தப் பக்கத்து வயல்தான் விளையும். மூன்று இரவு மேல்கோட்டைக்கு, நான்கு இரவு கீழ்க்கோட்டைக்கு என்று முறை. இரண்டு கோட்டைக்கும் இடையில் இருட்டில் கிடக்கும் சின்ன ஊர்களை இருவருமே சுரண்டுகிறார்கள். அந்த ஊர்களைக் காப்பாற்றத்தான் என் மூன்று ஆட்டக்காரர்களும் வருகிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஐந்து கேள்விகள் வைத்திருந்தேன். உங்களுக்கு என்ன வேண்டும்? எதற்குப் பயப்படுகிறீர்கள்? யாரை ஏமாற்றுகிறீர்கள்? எதிரியைப் பற்றி என்ன நம்புகிறீர்கள்? உங்கள் சொந்த ஆட்களிடமே நீங்கள் மறைக்கும் காரியம் எது?

வெறும் கெட்டவனாக ஒரு வில்லனை வைத்தால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும், அவன் பக்கமும் நியாயம் இருக்க வேண்டும் என்று இவர்களிடம் நான் அளந்துவிடாத நாள் இல்லை. கீழ்க்கோட்டைக்கு ஐந்து பதிலும் ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தேன். மேல்கோட்டைக்கு நான்குதான் வந்தது. ஐந்தாவது இடம் மூன்று வாரம் காலியாகவே கிடந்தது. நேரம் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் ஞாயிறு நாட்டை விவரித்தேன். நெருப்பின் முறையைச் சொன்னதும் தங்கை பென்சிலைக் கீழே வைத்தாள். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது ஞாயிறு, மற்ற இருவரும் டீ வாங்கக் கீழே போனபோது கேட்டாள்.

"அக்கா, மூணு, நாலுன்னு வச்சிருக்கியே. இது நம்ம கெணறுதானே?"

"சும்மா வாய்க்கு வந்த எண்ணுடி அது."

"மேல, கீழன்னு பேரும் வாய்க்கு வந்ததுதானா?"

நான் நோட்டைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் கேட்கும்வரை எனக்கு அது உறைக்கவே இல்லை. சூரியன் இல்லாத நாட்டைக் கற்பனை செய்துவிட்டோம் என்ற பெருமையில் இருந்தேன்.

"ரெண்டுமே வில்லன்னு சொல்றே" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. "ஆனா மேல்கோட்டைக்காரங்க ஒரு தப்பும் பண்ண மாட்டேங்கிறாங்களேக்கா. திருடுறது, பொய் சொல்றது, அடியாள் வைக்கிறது அம்புட்டும் எங்க ஆளுகதான் பண்றாங்க."

எங்க ஆளுக என்று சொன்னதை அவளும் கவனித்துவிட்டாள். அதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

கிணற்றுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா காலத்துக் கிணறு, இரண்டு வீட்டுக்கும் பொது. பாகம் பிரித்தபோது திங்கள், செவ்வாய், புதன் எங்கள் முறை என்றும், வியாழன் விடிந்ததிலிருந்து நான்கு நாள் சித்தப்பா முறை என்றும் பேசி முடித்தார்கள். நான் கல்லூரி லீவில் ஊருக்குப் போயிருந்த ஒரு கோடையில் எங்கள் மூன்று நாளும் கரண்டு சரியாக வரவில்லை. கத்தரி வாடிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை அரை நாள் மட்டும் விட்டுக்கொடு என்று புதன் சாயங்காலம் அப்பா சித்தப்பாவிடம் போய்க் கேட்டார். 'மொறைன்னா மொறைதான், கரண்டு வராததுக்கு நான் என்ன செய்ய' என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அவர் செடியும் வாடிக்கொண்டுதான் இருந்தது, இன்றைக்கு நினைத்தால் அதில் தப்பில்லை. ஆனால் அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சந்து வழியாகத் திரும்பி வந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் விடியற்காலை கிணற்று மோட்டார் அறைக்குப் போனேன். மெயினை அணைத்துவிட்டு, மூன்று ப்யூஸ் கட்டைகளில் ஒன்றை எடுத்து அதில் இருந்த கம்பியை உருவிவிட்டுக் கட்டையை மட்டும் பழையபடி சொருகி, மெயினைத் திரும்பப் போட்டு வைத்தேன். கம்பி என் ஆள்காட்டி விரலைக் கீறியது. அவர்களுக்கும் அரை நாள் போகட்டும் என்பதுதான் என் எண்ணம். வேறு எதுவும் நினைக்கவில்லை.

சித்தப்பா வந்து சுவிட்சைப் போட்டிருக்கிறார். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. எங்கள் கிணற்றில் மோட்டார் உள்ளே பாதி ஆழத்தில் ஒரு கல் மேடையில் இருக்கும். ஏதோ அடைத்துக்கொண்டது என்று நினைத்துப் பார்ப்பதற்காகக் கிணற்றுப் படியில் இறங்கியவர் வழுக்கி மேடையில் விழுந்தார். தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. அவரைத் தூக்கியவர்களில் அப்பாவும் ஒருவர். பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்தார்கள். அன்றிலிருந்து கைத்தடி.

மறுநாள் எலெக்ட்ரீசியன் பார்த்துவிட்டு, கம்பி எரிந்து போகவில்லை, யாரோ உருவியிருக்கிறார்கள் என்றார். 'முந்தா நாள் வந்து கேட்டான், குடுக்கல, அதான் இப்படிச் செஞ்சிட்டான்' என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த சித்தப்பா, பார்க்கப் போன அப்பாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். நான் செய்யவில்லை என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தார். அம்மா என் விரலுக்கு மஞ்சள் வைத்துப் புதுத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த விரலையே சற்று நேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அந்தப் பார்வையை இந்த ஒன்பது வருடத்தில் நான் ஒரு நாளும் மறந்ததில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

தங்கை கேட்டதற்கு மறுநாள், பரிசோதனைக் கூடத்தில் கூட்டம் குறைந்த நேரத்தில் நோட்டை எடுத்தேன். மேல்கோட்டையின் ஐந்தாம் கேள்விக்கு நேராக எழுதினேன்: கீழ்க்கோட்டையின் முறை தொடங்கிய அன்று, மேல்கோட்டைத் தலைவனின் மகள் நெருப்புச் சட்டியின் திரியை உருவினாள். அதைப் பார்க்க ஏறிய கீழ்க்கோட்டைத் தலைவன் கோபுரத்திலிருந்து விழுந்தான். பழி தலைவன்மேல் விழுந்தது. மகள் சொல்லவில்லை. எழுதி முடித்ததும், அடுத்து வந்தவருக்கு ரத்தம் எடுக்க இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டேன்.

எழுதினேனே தவிர, அதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆட்டத்தில் நான் எழுதி வைப்பதில் பாதி வெளியே வராமலேயே போகும்.

அடுத்த ஞாயிறு, கீழ்க்கோட்டை முறையில் நெருப்பு அணைந்ததையும் அதன் தலைவன் விழுந்ததையும் மட்டும் ஊரே பேசும் செய்தியாகச் சொல்லி ஆட்டத்தைத் தொடங்கினேன். வீராங்கனையும் மந்திரவாதியும் கோட்டை வாசலில் காவல்காரர்களிடம் வாயடித்துக்கொண்டிருக்க, வேவுக்காரி பின்பக்கமாக உள்ளே நுழைந்தாள். சமையல்கட்டுக்குப் போகவில்லை, ஆயுத அறைக்கும் போகவில்லை. நேராகத் தலைவனின் மகள் இருக்கும் அறைக்குப் போனாள். மகளாகப் பேச வேண்டியவள் நான்.

"எங்க முறையில நெருப்பை அணைச்சது யாரு?" என்று தங்கை கேட்டாள். "உண்மையைச் சொல்ல வைக்கணும். உருட்டுறேன்."

"பதினஞ்சுக்கு மேல விழணும்" என்றேன்.

பகடை தோல் துண்டில் புரண்டு நின்றது. நான்கு.

"அட போச்சுங்களே" என்றார் மந்திரவாதி. தோழி உச்சுக்கொட்டினாள். விதிப்படி அந்த மகள் பொய் சொல்லலாம். என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், அதைத் தங்கை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். அவள் பகடையை எடுத்துப் பைக்குள் போடப்போனாள்.

"நான்தான்" என்றேன்.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "நாலுதானே விழுந்துச்சு?"

"நான்தான் உருவுனேன். எங்கப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்தாரு, எனக்குத் தாங்கல. ஒங்களுக்கும் அரை நாள் போகட்டும்னு திரியை…" அந்தச் சொல் வாயில் நிற்கவில்லை. "ப்யூஸ் கம்பியை நான்தான் உருவுனேன். எங்கப்பா இல்ல. சித்தப்பா உள்ள எறங்குவாருன்னு நெனைக்கவே இல்லடி."

மருந்துக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. தோழிக்கு ஏதோ புரிந்துவிட்டது, அவரைக் கையைக் காட்டி எழுப்பிக் கீழே அழைத்துப் போனாள். தங்கை தோல் துண்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை.

"ஒம்பது வருசம்" என்றாள். "எங்கப்பா நடக்கும்போதெல்லாம் நான் பெரியப்பாவைத் திட்டியிருக்கேன்."

என்னை இரண்டு அறை அறைந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தன் பாத்திரம் எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்தாள். எழுந்தாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். படியருகில் திரும்பி நின்றாள்.

"எங்கப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு. எங்க முறையில வா. அவரு கெணத்துக்கிட்டதான் இருப்பாரு."

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். எங்கள் வீட்டுக்குப் போகவில்லை. சித்தப்பா மோட்டார் அறைக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார், கைத்தடி மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பவில்லை. "என்ன ஆத்தா, தெசை மாறி வந்துட்டியா?" என்றார்.

நின்றுகொண்டே சொன்னேன். பாதியில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னேன். விரலில் கீறிய இடத்தைக்கூடக் காட்டினேன், அங்கே தழும்புகூட இல்லை. அவர் வாய்க்காலில் ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு கேட்டேன். கைத்தடியின் பிடியைக் கட்டைவிரலால் தடவினார்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தெரியும்னுதான் நெனைக்கிறேன் சித்தப்பா. என்கிட்ட ஒரு நாளும் கேட்டதில்ல."

"இம்புட்டு வருசமா வாயத் தொறக்காமயா இருந்துச்சு?" தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு அறைக்குள் கையை நீட்டி மோட்டாரை அணைத்தார். அவர் முறையில் அவராக அணைத்து நான் பார்த்ததே இல்லை. வாய்க்காலில் தண்ணீர் மெல்ல வடிந்தது.

"அண்ணன் இந்நேரம் எங்க இருக்கும்?"

"வீட்டுலதான்."

கைத்தடியை ஊன்றி எழுந்தார். தாங்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"நீ முன்னால போயிச் சொல்லு, நான் வாரேன்னு. எனக்கு நடந்து வரச் செத்த நேரமாகும்."