ஓரகத்தியைப் பற்றி நான் அனுப்பிய மின்னஞ்சல்

என் ஓரகத்தியைக் கணினி நிரல் வகுப்பில் சேர்த்துவிட்டதே நான்தான். ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் கல்லூரி, வேலை பார்ப்பவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் டிப்ளோமா வகுப்பு நடத்தியது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பட்டர்வொர்த்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கிராணி வேலை, கோப்பு அடுக்குவதும் கணக்கு எழுதுவதும். தனியாகக் கடல் தாண்டி ஃபெரி ஏறிப் போய்வர அலுப்பாக இருக்குமென்று, கணவரின் தம்பி மனைவியையும் கூட இழுத்தேன். அவள் என்னைவிட ஒன்பது வயது இளையவள். நிபோங் திபால் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்து, பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்டு, மாக் மண்டினில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். நான் ஆறாம் படிவம் முடித்தவள். அந்த ஒரு படிவ வித்தியாசத்தை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

முதல் நாள் விரிவுரையாளர் நான்கு பக்க விதித்தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். அவர் தமிழ் முஸ்லிம் பெண். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். தனியாகப் போனால் எங்களோடு தமிழில் பேசுவார். பத்து வகுப்பில் எட்டுக்காவது வராவிட்டால் தேர்வு எழுத முடியாது. பயிற்சியைத் தாமதமாகக் கொடுத்தால் ஒரு நாளைக்குப் பத்து மதிப்பெண் போகும். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளலாம், ஆனால் எழுதுவது சொந்தமாக இருக்க வேண்டும். யாராவது உதவியிருந்தால், செயற்கை நுண்ணறிவாக இருந்தாலும், நிரலின் முதல் வரியில் அதைச் சொல்லிவிட வேண்டும். யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டு அவர்கள் எழுதியதை விளக்கச் சொல்வார்; விளக்கத் தெரியாவிட்டால் சுழியம்.

முதல் சில வாரங்கள் நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நிரலில் பட்டியல் என்றால் என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை. என் அலுவலகத்தில் கோப்புகளை எண் போட்டு அடுக்கியிருப்பதைச் சொல்லி, ஃபெரியிலேயே விளக்கினேன். "இப்ப வெளங்குதுக்கா" என்று சிரித்தாள். அன்று முழுக்க எனக்கு நல்ல மனநிலை.

அதன்பிறகு அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே தாண்டிப் போனாள். நான் ஒரு பிழையோடு மல்லுக்கட்டும் நேரத்தில் அவள் மூன்றாவது கேள்வியில் இருப்பாள். இரண்டாவது பயிற்சி, ஃபெரி நேரம் சொல்லும் நிரல். இப்போதைய மணியைத் தட்டினால் அடுத்த ஃபெரி எப்போது என்று அது சொல்ல வேண்டும். என்னுடையது மாலை வரை ஒழுங்காகச் சொல்லும். கடைசி ஃபெரி போன பிறகு மணி கேட்டால் அப்படியே நின்றுவிடும். நான்கு நாள் போராடினேன். ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, அவளுடைய நோட்டுப் புத்தகம் சாப்பாட்டு மேசையில் திறந்தே கிடந்தது. அவள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அந்த இடத்துக்கு அவள் எழுதியிருந்தது நான்கே வரிகள். ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன். நான்கு வரியில் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதை என் நிரலில் சேர்த்தேன்.

எனக்கு எழுபத்தொன்று. அவளுக்குத் தொண்ணூற்றாறு. அவளுடைய நிரலைத் திரையில் போட்டு வகுப்புக்கே காட்டினார்கள். வீட்டில் கொழுந்தனார் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். என் கணவர் வேறு, "உன்னைவிடக் கெட்டிக்காரி போல" என்று சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இவளுக்கு எப்படி இவ்வளவு வரும்? ஏதோ செயலியைக் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நினைக்க நினைக்க அது உண்மையாகவே ஆகிவிட்டது. மறுநாள் மதிய இடைவேளையில் விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். விதித்தாளின் வாசகத்தை அப்படியே எடுத்துப் போட்டு, அவளை விளக்கச் சொல்லும்படி மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முதலில் அவள் போனாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். வெண்பலகையில் என்னவோ வரைந்து காட்டினாள், இருவரும் சிரித்தார்கள். வெளியே வந்து, "பயப்படாதீங்கக்கா, சும்மாதான் கேக்குறாங்க" என்றாள்.

உள்ளே விரிவுரையாளர் என் நிரலைத் திரையில் வைத்திருந்தார். அந்த நான்கு வரிகளைக் காட்டி, "இது என்ன செய்யுது, சொல்லுங்க" என்றார். கடைசி ஃபெரிக்குப் பிறகு மறுநாள் காலை ஃபெரியைச் சொல்லும் என்றேன்.

"அது ரிசல்ட்டு. எப்படிச் செய்யுது?"

எனக்குத் தெரியவில்லை.

"உங்க மெயில் கெடச்சதும் ரெண்டு பேரோடதையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன்" என்று சொல்லி, ஓரகத்தியின் நிரலுடைய முதல் வரிக்குப் போனார். பட்டியல் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தது என் அக்கா என்று எழுதி, என் பெயரைப் போட்டிருந்தாள். என் நிரலின் முதல் வரியில் என் பெயர் மட்டும் இருந்தது.

"உங்களுக்கு இதுல சுழியம்தான் போட முடியும். மெயில் பத்தி அவங்ககிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் ஃபெரியில் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்த பிஸ்கட்டைப் பிரித்து நீட்டியபோது என்னால் முடியவில்லை. படம் எடுத்ததையும் மின்னஞ்சல் அனுப்பியதையும் சொன்னேன்.

அவள் பிஸ்கட் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எஸ்டேட்டு பிள்ளைக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுதுன்னு நெனச்சிட்டீங்க, அதானே?"

அதையேதான் நினைத்திருந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் முந்தின ஃபெரியிலேயே போனாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. விசேஷங்களில் எல்லார் முன்னாலும் "அக்கா" என்று கூப்பிட்டுத் தட்டில் சோறு வைத்தாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. இறுதித் திட்டப்பணிக்கு இருவர் இருவராகச் சேர வேண்டும். அவள் வேறொரு பெண்ணோடு சேர்ந்தாள். சுழியத்தின் சுமையோடு நான் பாடத்தில் தோற்றேன்.

அடுத்த படிப்புத் தவணையில் அதே பாடத்தில் மீண்டும் உட்கார்ந்தேன். அதே விதித்தாள், அதே கையெழுத்து. புதிய மாணவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் உதவ, முந்தைய தவணையில் நன்றாகச் செய்தவர்களில் ஒருவரை வைத்திருந்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு அவள் உள்ளே வந்தாள்.

ஒரு மணி நேரம் கையைத் தூக்காமல் பிடிவாதமாக இருந்தேன். பிழை போகவே இல்லை. கடைசியில் தூக்கினேன். அவள் வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க மாட்டிக்கிச்சுக்கா?"

காட்டினேன். விடையைச் சொல்லவில்லை, என்னையே ஒவ்வொரு வரியாகப் படித்து விளக்கச் சொன்னாள். ஏழாவது வரியில் தவறு எனக்கே தெரிந்தது. "ஆங், அதான்லா" என்று எழுந்து அடுத்த மேசைக்குப் போனாள்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அவள் நடந்து போவதைப் பார்த்தபோதுகூட நெஞ்சில் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்தத் தவணையில் ஐம்பத்தெட்டு வாங்கித் தேறினேன். அதில் ஒவ்வொரு வரியையும் என்னால் விளக்க முடியும்.